கூரைக்கு மேல் டெய்லரம்மா

ஏசி செத்ததுதான் செத்தது, கொஞ்சம் நாள் பார்த்துச் செத்திருக்கலாம். கோடையின் நட்டநடுவில், மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், வண்டிக் கூரைமேல் இருந்த அந்தப் பெட்டி ஒருமுறை இருமியது, ஒருமுறை உறுமியது, அப்புறம் மூச்சு விடவில்லை. டெய்லரம்மா சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள், பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள், கடைசியில் அண்ணாந்து பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை.

மற்றவர்களுக்கு ஏசி போனால் வியர்க்கும், அவ்வளவுதான். இங்கே கதை வேறு. இது வெறும் வண்டி இல்லை, வீடு. முன்னால் ஸ்டியரிங், பின்னால் கட்டில், நடுவில் அடுப்பு, நீளமான ஒரு சீட்டு, மடக்கு மேஜை, மேஜைமேல் தையல் மிஷின். சந்தை கூடுகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, கிழிந்ததைத் தைப்பது, தொளதொள என்று இருப்பதைப் பிடிப்பது, இறுக்கமானதைப் பிரித்து விடுவது, இதுதான் அவள் பிழைப்பு. அவள் புருஷன் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். வேலையை விட்ட பிறகும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். இந்த வண்டியை வாங்கியதும் அவர்தான், ஓட்டியதும் அவர்தான், கால் சொன்ன பேச்சைக் கேட்டவரை.

நரம்பில் கோளாறு என்றார் டாக்டர். உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடேறினால் மூளை சொல்வது காலுக்கு எட்டாது என்றார். அப்படியே அட்சரம் பிசகாமல் நடந்தது. வண்டிக்குள் குளுகுளுவென்று இருந்தால் டிரைவர் கைத்தடி பிடித்துத் தானாக எழுந்து பாத்ரூம் போவார், தானாக டீ குடிப்பார், அடுத்த வண்டிக்காரனிடம் வம்பு பேசவும் வாசல்வரை வருவார். வெயில் ஏறிவிட்டதோ, போச்சு. கால் துவண்டுவிடும், கையில் டம்ளர் நிற்காது. ஏசி நின்ற இந்த ஒரு வாரமாக டெய்லரம்மாதான் அவரைத் தூக்கினாள், புரட்டினாள், துடைத்தாள், ராத்திரி எல்லாம் துணியை நனைத்து நனைத்துக் கழுத்தில் போட்டாள், விடிந்ததும் மிஷினில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே மை பூசினாற்போல் கறுத்துவிட்டது.

இதில் கொழுந்தன் வேறு. டிரைவருடைய தம்பி, தங்கமான மனுஷர். அவர் வீட்டில் குளிர்ச்சியாக ஓர் அறை சும்மாக் கிடக்கிறது. போனில் கூப்பிட்டுப் பேசினார். "அண்ணி, அண்ணனை நான் கூட்டிட்டு வந்துடறேன். வெயில் காலம் முடியறவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். நீங்க உங்க சந்தையைப் பாருங்க."

வெயில் காலம் முடிகிறவரைக்கும்! அவள் மாமியாரும் இப்படித்தான், கொஞ்ச நாள் என்று அந்த வீட்டுக்குப் போனாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், குறையே சொல்ல முடியாது. அதுதான் வம்பே. நன்றாகப் பார்த்துக்கொள்கிற வீட்டிலிருந்து யாரைப் பிடித்து இழுத்து வருவது? கிழவி அங்கேயே இருந்து அங்கேயே கண்ணை மூடினாள். இவர் போனால் திரும்பி வர மாட்டார் என்று டெய்லரம்மாவின் வயிறு சொன்னது. அவள் வயிறு பொய் சொன்னதில்லை.

"தம்பி, புது ஏசி வந்து இறங்கிடுச்சு. மாட்டறதுக்கு ஆள்தான் அடுத்த மாசம்னு சொல்றாங்க. நானே மாட்டிடறேன்" என்றாள்.

"நீங்களா?" என்றார் கொழுந்தன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், பாவம், முடியவில்லை.

"நான்தான். நாளைக்குச் சாயங்காலம் கார் எடுத்துட்டு வாங்க. வண்டிக்குள்ள ஏசி ஓடிட்டிருந்தா அண்ணன் இங்க. ஓடலைன்னா உங்ககிட்ட. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

நல்லவேளை, இவர்களைப் போலவே வண்டியில் குடியிருக்கிற பக்கத்து வண்டிக்காரர் மரம் வெட்டுகிறவர். ஏணி, கயிறு, கப்பி, எல்லாம் அவரிடம் உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வந்தார். டெய்லரம்மா கரண்டை அணைத்து, உள்ளே இருந்து மூடியைக் கழற்றி, ஒயரைப் பிரித்து, நாலு மூலையிலும் இருந்த நீளப் போல்ட்டை உருவி வைத்திருந்தாள். அவர் மேலே ஏறிப் பழைய பெட்டியைப் பசையிலிருந்து பெயர்த்து, கயிற்றில் கட்டி, ஏணியைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் சறுக்கி இறக்கினார். ஆள் கனம் இருந்தது அது. அது இருந்த இடத்தில், கூரையில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சதுர ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே, நீளச் சீட்டில், கழுத்தில் ஈரத் துண்டும் எதிரே மேஜை ஃபேனுமாக டிரைவர் மல்லாந்து படுத்திருந்தார். டெய்லரம்மாவும் ஏணியில் ஏறிக் கூரைக்கு வந்தாள்.

"ஏ இவளே! கூரைக்கு அடியில கட்டை இருக்கிற இடமாப் பார்த்துக் கால் வை. நடுவுல வச்சா நேரா என் மடியிலதான் வந்து விழுவே."

"விழுந்தா தாங்க மாட்டீங்களா?" என்றாள் மேலேயிருந்து.

"நீ முன்ன மாதிரி இல்லையே."

மரக்காரர் சிரித்ததில் கயிறு கை நழுவப் பார்த்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். டிரைவர் கற்றுக்கொடுக்கிற விதமே தனி. டெய்லரம்மாவுக்கு இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், அவர் கால் தகராறு பண்ண ஆரம்பித்த காலத்தில். சரியாகச் செய்தால் வாயே திறக்க மாட்டார். தப்பாகச் செய்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "சபாஷ்" என்ற வார்த்தை அவர் அகராதியிலேயே கிடையாது. முதலில் அழுதாள், அப்புறம் பழகிவிட்டாள். பழகியபின் அதைவிட வசதி எதுவும் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதைவிட அவர் வாயைத்தான் பார்ப்பாள். அவர் கத்தவில்லையா, வண்டி நேராகப் போகிறது என்று அர்த்தம்.

கூரைமேல் குப்புறப் படுத்து, ஓட்டையைச் சுற்றி ஒட்டிக்கிடந்த பழைய பசையைப் பட்டி பார்க்கிற பிளேடால் சுரண்டினாள். கூரைத் தகடு வயிற்றைச் சுட்டது. சாக்கை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொண்டாள். தலையை நீட்டினால் ஓட்டை வழியே அவர் முகம் தெரிந்தது. அவருக்கு அவள் முகமும், பின்னால் கொஞ்சம் வானமும்.

"அந்த மூலையில மிச்சம் இருக்கு."

"படுத்துக்கிட்டே எப்படித் தெரியுது?"

"சுரண்டற சத்தம் வருது இல்ல? அங்க இன்னும் தகரம் கரகரன்னு கேக்கலை. பசைமேல பசை வச்சா மொத மழைக்கே என் மூக்குல ஒழுகும். சுரண்டு."

சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்கு அந்த வேலை அத்துப்படி. பழைய ஏசியை இதே கூரையில் இவரேதான் மாட்டினார், தன்னந்தனியாக. அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லி அத்தனை பேர் காதையும் புண்ணாக்கியிருக்கிறார்.

புதுப் பெட்டி மேலே ஏறியது. "இழுக்காதே, இழுக்காதே! அடியில பஞ்சு மாதிரி கேஸ்கெட் இருக்கு, கிழிஞ்சுடும், தூக்கி வை!" என்று கீழேயிருந்து ஒரே ரகளை. மரக்காரரும் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி, ஓட்டைக்கு நேராக வைத்தார்கள். வானம் மறைந்து உள்ளே இருட்டியது. மரக்காரர் கையைத் தட்டிக்கொண்டு, "டிரைவரே, உங்களைவிட எங்க முதலாளி தேவலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினார்.

மிச்சம் எல்லாம் உள்வேலை. அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, அண்ணாந்து, நாலு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினாள். தையல்காரி புத்தி, எங்கேயும் இடைவெளி இருக்கக் கூடாது என்று இன்னும் ஒரு சுற்றுச் சுற்றப் போனாள்.

"போதும்! போதும்டி! நசுக்கிடாதே! கேஸ்கெட் பாதி அமுங்கினா போதும். அதுக்கும் மூச்சு விட இடம் வேணும்."

ஒயரை நிறம் பார்த்து நிறத்தோடு சேர்த்தாள். அதற்கும் இரண்டு திட்டு வாங்கினாள். கழுத்து பின்னால் மடங்கியே நின்றுவிடும்போல் வலித்தது. கீழே பார்த்தால் டிரைவரின் முகம் செக்கச் சிவந்திருந்தது, வலது கால் சீட்டிலிருந்து நழுவித் தொங்கியது. அதை எடுத்து மேலே வைக்க அவரால் முடியவில்லை. அவள் இறங்கி வந்து வைத்தாள், துண்டை நனைத்துப் போட்டாள், திரும்ப ஏறினாள். இறங்கினாள், தண்ணீர் புகட்டினாள், ஏறினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டை நடுங்குகிறதா இல்லையா என்று தெரியாதபடி அவள் கையை இறுக்கி வைத்துக்கொண்டாள்.

கடைசியாகக் காற்று வருகிற மூடி. அதைத் தூக்கிப் பொருத்தும்போது ஒரு கண் அவர் வாய்மேல் இருந்தது. அவர் பேசவில்லை. முதல் ஸ்க்ரூ போட்டாள். பேசவில்லை. கடைசி ஸ்க்ரூவும் போட்டாயிற்று, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அடேயப்பா, கடைசி வேலையை ஒரு திட்டும் வாங்காமல் முடித்துவிட்டோமே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

கரண்டைப் போட்டாள். மேலே ஒரு முனகல், ஒரு நடுக்கம், அப்புறம் காற்று. முதலில் புதுப் பெயிண்ட் நாற்றம், பிறகு ஜில்லென்று. டெய்லரம்மா முகத்தை மூடிக்கு நேராக வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "வந்துடுச்சுங்க!" என்றாள். "பாருங்க, வந்துடுச்சு!"

அவர், "ம்" என்றார்.

கொஞ்ச நேரம்தான். டக் என்று ஒரு சத்தம், ஜில்லிப்பு நின்று வெறும் காற்று வந்தது. அவள் சுவிட்சை அணைத்துப் போட்டாள். மறுபடி ஜில், மறுபடி டக். ஓடுவதும் நிற்பதுமாக அது விளையாட்டுக் காட்டியது. மூடி அருகே கை வைத்தால் குளிர், நாலடி தள்ளி நின்றால் அதே அடுப்பு. நேரம் போனது, வண்டிக்குள் சூடு துளியும் இறங்கவில்லை. ஒயரைப் பார்த்தாள், போல்ட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே நிழல் நீள ஆரம்பித்தது.

"விட்டுடு" என்றார் டிரைவர். "உன்னால முடிஞ்சதைப் பண்ணிட்டே. அது ஆகலை. தம்பி வர நேரமாச்சு. என் சட்டை நாலை எடுத்து வை."

டெய்லரம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி, தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், அப்பாடா என்று இருந்தது. இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். யாரையும் புரட்ட வேண்டாம். அந்த எண்ணம் வந்த வேகத்தில் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. சீ, இப்படியும் ஒரு மனசா! எதையாவது செய்தால் தேவலாம் என்று, கிடந்த அட்டை, பாலிதீன், தெர்மோகோல் எல்லாவற்றையும் வாரிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

சீட்டின் கால்மாட்டில், ஓர் அட்டைக்குப் பக்கத்தில், ஒரு தகடு கிடந்தது. உள்ளங்கை அகலம், முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், ஒருபக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டி, ஓரத்தில் ஸ்க்ரூ ஓட்டைகளோடு. பேக்கிங் சாமானாக இருக்கும் என்று சுருட்டப் போனவள் நிறுத்தினாள். தையல் வேலையில் சட்டையைத் தைத்து முடித்த பிறகு மேஜையில் வெட்டிய துண்டு ஒன்று மிச்சம் இருந்தால், துணி மிச்சம் என்று அர்த்தமில்லை. சட்டையில் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம்.

ஸ்டூலில் ஏறி மூடியை இறக்கினாள். உள்ளே பார்த்தாள். ஒருபக்கம் குளிர் காற்று இறங்குகிற வழி, மறுபக்கம் அறைக்காற்றை உள்ளே இழுக்கிற வழி. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இறங்குகிற குளிரை அது அங்கேயே, பக்கத்திலேயே விழுங்கிவிடுகிறது. அறையே குளிர்ந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடுகிறது. நடுவில் இருக்க வேண்டிய சுவர் அவள் கையில் இருந்தது.

அவள் திரும்பினாள். டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலைப் பசையைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்த மனுஷன். இந்தத் தகடோ அவர் காலடியில், அவர் கண்ணெதிரே கிடந்திருக்கிறது.

"இதைப் பார்த்தீங்களா?"

அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன். நான் மூடியைப் போடும்போது இது வெளியில கிடக்கறதைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் கத்தலை?"

"நீ எத்தனை தடவை ஏறி இறங்கினேன்னு பார்த்துட்டு இருந்தேன். உன் கை நடுங்கிச்சு. நான் இங்கயே இருந்தா நீ எனக்கு முன்னாடி போயிடுவே. தம்பி வீட்டுக்குப் போயிட்டா நீயாவது படுத்துத் தூங்குவே. போறேன்னு சொன்னா நீ விட மாட்டே. அதான் பேசாம இருந்தேன்."

டெய்லரம்மாவுக்கு அப்போது வந்ததே ஒரு கோபம். மூக்குக்கு மேல் எல்லாம் இல்லை, தலைக்கு மேல் வந்தது. தகட்டைத் தூக்கி அவர் மார்மேல் போட்டாள்.

"எத்தனை வருஷமா உங்க வாயைப் பார்த்துத்தான் நான் வேலை செய்யறேன்! நீங்க பேசலைன்னா சரின்னு நம்பறேன். அந்த நம்பிக்கையிலயா கையை வச்சீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? தியாகம் பண்றாராம், தியாகம்!" மூச்சு வாங்கியது. "ஆமா, எனக்கு முடியலைதான். கேட்டுக்குங்க. அது நின்னப்ப ஒரு நிமிஷம் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. தூங்கலாம்னு இருந்துச்சு. அதுக்காக நீங்க வேண்டாம்னு அர்த்தமா?"

அவர் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. அவளும் துடைக்கப் போகவில்லை.

"இப்ப நான் இதைப் போட மாட்டேன்" என்றாள். "நீங்க சொல்லுங்க. எனக்காகன்னு சொல்லாதீங்க. உங்களுக்குப் போகணுமா, இருக்கணுமா?"

டிரைவர் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டவரில்லை. பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்றபோதுகூட நடந்தே போனவர்.

"எனக்குப் போக வேண்டாம்" என்றார் கடைசியில். "என்னை அனுப்பாதே."

அவள் அவர் மார்மேல் இருந்த தகட்டை எடுத்தாள். ஏறினாள். அது சரியாகப் பொருந்த மறுத்தது. இரண்டு முறை வழுக்கியது, ஒரு ஸ்க்ரூ விழுந்து உருண்டு எங்கேயோ போய்விட்டது. இருப்பதைப் போட்டு முடுக்கி, சந்து இருந்த இடத்தில் வெள்ளி டேப்பை ஒட்டி, மூடியை மாட்டி, கரண்டைப் போட்டாள். இந்தத் தடவை அது நிற்கவில்லை. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் கூரை ஓரம், பிறகு மேஜை, பிறகு தரை என்று குளிர் மெதுவாக இறங்கி வந்தது.

கொழுந்தன் வந்து கதவைத் தட்டும்போது வெளியே வெயில் தணிந்திருந்தது. உள்ளே வந்தவர் குளிரில் ஒரு நிமிஷம் அசந்து நின்றார். டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் டீ டம்ளர். டம்ளர் கொஞ்சம் ஆடியது, ஆனால் அவரேதான் பிடித்திருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணி" என்றார் கொழுந்தன். மனதாரத்தான் சொன்னார்.

"இல்ல தம்பி" என்றாள் அவள். "ஏசி மட்டும்தான் ஜெயிச்சுது. என்னால தனியாப் பார்க்க முடியலை. அண்ணனை நீங்க கூட்டிட்டுப் போக வேண்டாம். நீங்க இங்க வாங்க. வாரத்துல ரெண்டு நாள் வந்து ராத்திரி இருங்க. பெரிய உதவியா இருக்கும்." சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது, சொன்ன பிறகு இல்லை.

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "இதை நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். "எப்பல இருந்து?"

"இப்பல இருந்து."

அவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். டெய்லரம்மா கையைக்கூடக் கழுவவில்லை. பின்னால் போய்க் கட்டிலில் சாய்ந்தாள். மேலே ஏசி ஒரே சீராக ஓடியது. கொழுந்தன் உரத்த குரலில் ஏதோ ஊர்க்கதையை ஆரம்பிப்பதும், உடனே டிரைவர் அதட்டுவதும் காதில் விழுந்தன.

"மெதுவாப் பேசுடா. அவ தூங்கறா."

இன்னும் தூங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தூங்கிப்போனாள்.